சேஃப்டிக்கு அஞ்சு மடங்கு

அசையாமல் இருக்கும் பொருளைப் பார்த்துப் பயந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் இராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்.

ஓடுகிற லாரி, துரத்துகிற நாய், துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு, இதற்கெல்லாம் யார் வேண்டுமானாலும் பயந்துவிடலாம். சுவரில் மாட்டிய திருக்குடும்பப் படம் பல வருஷமாக ஆடாமல் தொங்குகிறதே, ஏன் இன்னும் விழவில்லை என்று யோசித்து வியர்ப்பதற்குத் தனி மனசு வேண்டும். அந்த மனசு அவருக்கு இருந்தது. அதனால் பேட்டை முழுக்க அவருக்குப் பெயர் சேஃப்டி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பங்குச் சாமியாருக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு தனியார் கம்பெனியில் கயிற்று குடோன் அவர் பொறுப்பு. கப்பலில் வேலைக்குப் போகிற கேங்குகளுக்குக் காலையில் கயிறு, சங்கிலி, கொக்கி எல்லாம் எடுத்துக் கொடுப்பார். மாலையில் திரும்பி வருகிற ஒவ்வொரு கயிற்றையும் தலையிலிருந்து வால் வரைக்கும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே வைப்பார். ஒரு டன் சரக்கைத் தூக்க வேண்டுமா, ஐந்து டன் தாங்குகிற கயிறு வேண்டும். இது அவர் கண்டுபிடித்த சட்டம் இல்லை, துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மற்றவர்கள் அந்தச் சட்டத்தைக் குடோனில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் அதை டிபன் கேரியரோடு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

மொட்டை மாடியில் அவர் கட்டியிருந்த துணிக்கொடி கப்பலைக் கரையோடு கட்டுகிற ரகம். அந்தப் பருமனுக்கு எந்தக் கிளிப்பும் பிடிக்காது. அவர் மனைவி பிலோமினா அக்கா துணியைச் சும்மா மேலே போட்டு வைப்பார், கடல் காற்று வந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகும். கேட்டால் சேஃப்டி, "துணி போனா போவுது. கொடி அறுந்து எவன் கழுத்துலயாவது சுத்திகினா யாரு பதில் சொல்றது?" என்பார். கோயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார மாட்டார், மணிக்கூண்டுக்கு நேர் கீழே நிற்க மாட்டார். சித்திரை வெயிலிலும் வாசல் நடையில் நின்றபடி வியர்த்து வியர்த்துப் பூசை கண்டார். சாயங்கால ரயிலுக்குக் காலையிலேயே சென்ட்ரலுக்குப் போய்விடுவார்.

"கல்யாணத்துக்கு மொத நாளே வந்து கோயில் வாசல்ல நின்னுகினு இருந்தாரு மேரி. வாட்ச்மேன் தொரத்திவுட்டுட்டான்" என்று பிலோமினா அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார். பக்கத்தில் இருந்த சேஃப்டி மறுக்கவில்லை. நடுவில் டிராம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டார். அப்போது ஊரில் டிராமே இல்லை.

இப்படிப்பட்டவரிடம் நான் பிசிக்ஸ் கணக்குக்கு உதவி கேட்டுப் போனேன் என்றால், என் நிலைமை எவ்வளவு மோசமாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு பி.யு.சி.யில் சேர்ந்திருந்தேன். அங்கே எல்லாம் இங்கிலீஷ். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண்பிள்ளை நான்தான். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச்சை ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா அதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்.

"படி, வேணான்னு சொல்லல. ஒரு பாடத்துல கோட் அடிச்சி பெயிலானா, அத்தோட நிறுத்திக்க. முகத்துவாரக்குப்பத்துல ஒரு பையன் கீறான். ரெண்டு படகு வெச்சிக்கீறான்."

அந்தப் பையன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பாவம், அவனும் என்னை நினைத்துப் பயந்துகொண்டுதான் இருந்திருப்பான். ஆனால் எனக்கு டிகிரி படிக்க வேண்டும். அதற்குக் குறுக்கே நின்றது பிசிக்ஸ். பிசிக்ஸுக்குப் பின்னால் நின்றது பிசிக்ஸ் மிஸ். அந்த அம்மாள் குரலை உயர்த்தியதே இல்லை. வெள்ளிக்கிழமை கணக்குகள் கொடுப்பார், திங்கட்கிழமை ஒருத்தியைப் பெயர் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டுச் சாக்பீஸை நீட்டுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்கும்போதே அந்தச் சாக்பீஸ் எனக்குக் கண்ணில் தெரியும்.

அம்மாதான் சொன்னாள். "மாடில கீறவரு பி.யு.சி. பாஸாச்சே. போய்க் கேளேன்."

போனேன். முதல் கணக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வழவழப்பான சுவரில் ஓர் ஏணி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது, அதில் ஒரு மனிதன் ஏறுகிறான். சேஃப்டி இரண்டு முறை படித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வழவழன்னு கீற செவுத்துல எவன் ஏணிய சாத்துனது?"

"புக்ல அப்டித்தான் போட்டுக்கீது அண்ணே."

"கீழ ஏணியப் புடிச்சிக்க ஆள் கீதா?"

"சொல்லல."

"சொல்லலன்னா இல்லன்னு அர்த்தம். ஏறுறவனுக்குப் பொண்டாட்டி புள்ள?"

"அதுவும் சொல்லல."

"கீது" என்று அவரே முடிவு செய்தார். பிறகு பென்சிலை எடுத்து, ஏணியின் அடியில் தொப்பி போட்ட ஓர் ஆளை வரைந்து, இரண்டு கையாலும் ஏணியைப் பிடிக்க வைத்தார். அதற்கப்புறம்தான் கணக்குக்கு வந்தார்.

கோபுரத்தின் மேலிருந்து ஒரு கல்லைக் கீழே விட்டால் எத்தனை நேரத்தில் தரையைத் தொடும் என்று ஒரு கணக்கு. கீழே யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உராய்வே இல்லாத கப்பி என்று ஒன்று வந்தது. "உராய்வு இல்லன்னா பிரேக் எப்டிமா புடிக்கும்?" என்று என்னைக் கேட்டார், நான்தான் அந்தக் கப்பியைச் செய்தவள் போல. எடையில்லாத கயிறு என்று ஒன்று வந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"வெயிட்டே இல்லாத கயிறுன்னு ஒண்ணு குடோனுக்கு வந்திச்சின்னா, அன்னிக்கே வேலைய வுட்டுட்டு வூட்டுக்கு வந்துடுவேன்."

பயம் ஒட்டுவாரொட்டி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை கணக்கு வராதே என்று மட்டும் பயந்துகொண்டிருந்தவள், இப்போது கணக்கில் வருகிறவர்களுக்கு என்ன ஆகுமோ என்றும் பயப்பட ஆரம்பித்தேன். வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது, இந்தப் பத்து மணியை யாருக்காக ஒப்புக்கொடுக்கிறாய் என்று அம்மா கேட்டாள். "ஏணில ஏறுற ஒருத்தருக்காக" என்றேன். பங்கில் யாரோ பெயின்டர் விழுந்துவிட்டார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். மொத்தக் குடும்பமும் அவருக்காக உருக்கமாக வேண்டிக்கொண்டது.

சேஃப்டிக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தமாகப் போடுவார். கடைசி வரியில்தான் வினை. கயிற்றின் இழுவிசை இவ்வளவு என்று விடை வந்ததும் அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து, அதை ஐந்தால் பெருக்கி, புது விடையை அழகாகக் கட்டம் கட்டுவார். நான் அதுவும் சூத்திரத்தில் ஒரு பகுதி என்று நினைத்தேன். இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியவில்லை, அந்தப் புரியாத பாதியில் இந்த ஐந்தும் எங்கோ இருக்கும் என்ற நம்பிக்கை. என்னோடு பஸ்ஸில் வந்த காசிமேட்டுப் பெண்களும் திருவொற்றியூர்ப் பெண்களும் என்னைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை மிஸ் விடைத்தாள் கட்டை மேசையில் வைத்தார். "துறைமுகம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார் இங்கிலீஷில். எழுந்தோம்.

"உங்கள் எல்லாருடைய விடையும் சரியான விடையைப் போல ஐந்து மடங்கு. அந்த ஐந்து எங்கிருந்து வந்தது? மேரி, நீ சொல்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க மறந்துபோனது.

"சேஃப்டிக்கு, மிஸ்."

"யாருடைய சேஃப்டிக்கு?"

"கீழ நிக்கிறவங்களுக்கு, மிஸ்."

மிஸ் என் நோட்டைப் புரட்டினார். ஏணியின் அடியில் இருந்த தொப்பிக்காரரை விரலால் தொட்டு, இது யார் என்று கேட்டார். ஏணி பிடிக்கிறவர் என்றேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா, இன்று வரை எனக்குத் தெரியாது. அதுதான் கூடுதல் பயம்.

"கயிற்றில் எவ்வளவு இழுவிசை இருக்கிறது என்றுதான் பரீட்சையில் கேட்பார்கள். எவ்வளவு தாங்குகிற கயிறாக வாங்க வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். இப்படி எழுதினால் ஒரு மார்க் கூடக் கிடைக்காது. இன்னொரு தடவை இந்த ஐந்தைப் பார்த்தேன் என்றால் உன் அப்பாவைப் பார்க்க வேண்டியிருக்கும்."

வீட்டுக்குப் போனதும் நேரே மாடிக்கு ஏறினேன். "அண்ணே, அஞ்சு இல்லாம போட்டுக் குடுங்க. நைனாக்கு தெரிஞ்சா படிப்பு போயிடும்."

சேஃப்டி ஒப்புக்கொண்டார். கணக்கைப் போட்டார், விடையும் வந்தது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கை தானாகக் கீழே கோடு இழுக்கப் போனது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுபடி உட்கார்ந்து அந்தத் தனி விடையைப் பார்த்தார். கடைசியில் பென்சிலைப் பிலோமினா அக்காவிடம் நீட்டி, "நீ கட்டம் கட்டிக் குடுத்துடு பிலோ. என் கையால ஆவாது" என்றார். அதன் பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். சரியான விடை என் நோட்டில், ஐந்து மடங்கு விடை ஒரு துண்டுக் காகிதத்தில். துண்டுக் காகிதத்தை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அது இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது.

இந்த மனிதருக்கு முன்னால் எப்போதோ ஏதோ நடந்திருக்கிறது, ஒரு கயிறு அறுந்திருக்கிறது, ஓர் ஆள் போயிருக்கிறான் என்று நான் மனசுக்குள் ஒரு கதையே கட்டி வைத்திருந்தேன். ஒருநாள் பிலோமினா அக்காவிடம் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் நடக்கல மேரி. இத்தினி வருசத்துல அவரு குடுத்த கயிறு ஒண்ணு கூட அறுந்ததில்ல. அதான் அவுருக்கு பயமே. இவ்ளோ நாளா ஒண்ணும் நடக்கலியே, அப்ப இன்னிக்கு தான் போலன்னு டெய்லி சொல்லிகினு வேலைக்குப் போறாரு."

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்தப் பாடம் வந்தது. சரக்கைக் கயிற்றில் கட்டிச் சும்மா தொங்கவிட்டால் கயிற்றுக்கு ஒரு பாரம். அதையே வெடுக்கென்று மேலே இழுத்தால் பாரம் கூடும். வேகம் எவ்வளவு சட்டென்று ஏறுகிறதோ, கயிறு படுகிற பாடும் அவ்வளவு ஏறும். அந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்திலேயே என் அப்பாதான் வேகமான வின்ச் டிரைவர். கப்பலின் அடித்தட்டிலிருந்து அவர் சரக்கை எடுப்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்று எங்கள் தெருவே பெருமைப்படும். சேஃப்டிக்கும் அவருக்கும் எப்போதும் சண்டை, அதுவும் இதனால்தான். அப்பாவின் கைவேகத்துக்கு இருக்கிற கயிறு போதாது, இன்னும் தடிமனான கயிறு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சேஃப்டி நச்சரித்துக்கொண்டே இருந்தார். அந்தத் தடிக்கயிறு கையில் புரளாது, வேலை சுணங்கும் என்று அப்பா தொடவே மாட்டேன் என்றார்.

அன்று சாப்பிடும்போது வாயை விட்டேன். "நைனா, கொஞ்சம் மெதுவா தூக்கேன். வெடுக்னு இழுத்தா கயித்துல பாரம் ஏறும்."

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேல கீற பயந்தாங்கொள்ளி சொல்லிக் குடுத்தானா? உன்ன பாடம் கத்துகினு வரச் சொன்னா, பயப்படக் கத்துகினு வந்துகீற. மொதல்ல பாஸ் பண்ணு. அப்பால என் வின்ச்சுக்கு வா."

அதற்குப் பிறகு அப்பா வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பேன். சாயங்காலம் வாசலில் அவர் சைக்கிள் சத்தம் கேட்டால்தான் புத்தகத்தில் எழுத்து தெரியும்.

பரீட்சை நாளன்று சேஃப்டி லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். ஐந்து பேனா, ஐந்து பென்சில். நாங்கள் போனபோது பரீட்சை நடக்கிற இடத்தின் கேட்டையே திறக்கவில்லை. வேப்பமரத்தடியில் நிழலாக இருந்தது, கிளை முறியும் என்று என்னை வெயிலில் நிறுத்தி வைத்தார். தைரியம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "பயமா கீதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்கும்" என்றார். அதோடு சரி.

கேள்வித்தாளில் அந்தக் கணக்கு இருந்தது. கப்பலிலிருந்து ஒரு கிரேன் சரக்கைத் தூக்குகிறது, கயிற்றின் இழுவிசை என்ன? போட்டேன். விடை வந்தது, சரியான விடை. கட்டம் கட்டப் போனால் கை நகரவில்லை. ஐந்தால் பெருக்கினால் முகத்துவாரக்குப்பம். பெருக்காவிட்டால் அந்தக் கயிற்றுக்குக் கீழே அப்பா நிற்கிறார். அவர் நிற்பது வின்ச்சுக்குப் பின்னால், கயிற்றுக்குக் கீழே இல்லை என்று எனக்குத் தெரியும். பயத்துக்கு அது தெரியவில்லை. சரியான விடைக்கே கட்டம் கட்டினேன். பிறகு மனசு கேட்காமல், ஓரத்தில் பென்சிலால் ஒரு தொப்பிக்காரரை வரைந்து, சரக்குக்குக் கீழே இல்லாமல் நன்றாகத் தள்ளி நிற்க வைத்தேன். தொப்பியைச் சரியாகப் போடுவதற்குள் மணி அடித்துவிட்டது. கடைசிக் கணக்கைத் தொடவே இல்லை.

ரிசல்ட் வந்தது. பாஸ். மார்க் ஷீட் வந்தபோது அப்பா ஒரு பெரிய பொட்டலம் பூந்தி வாங்கிவந்து, மாடிப்படி அருகே நின்று எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். சேஃப்டி படியிறங்கி வந்தார்.

"பிசிக்ஸ்ல எவ்ளோ மேரி?"

சொன்னேன்.

"பாஸ் மார்க் எவ்ளோ?"

"அதேதான் அண்ணே."

அவர் முகம் வெளிறிப்போனது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு மார்க் கூட எக்ஸ்ட்ரா இல்லியா?"

"அதான் பாஸாயிட்டாளே யா" என்றார் அப்பா. "இந்தா, வாயத் தொற."

"ஒரு மார்க் கொறஞ்சிருந்தா இன்னா அண்ணாத்த பண்ணியிருப்ப? திருத்துனவன் தூங்கி வுழுந்திருந்தா? கூட்டல்ல ஒண்ணு வுட்டிருந்தா? புள்ள படிப்பே போயிருக்குமே. சரியா தாங்குற கயித்துல புள்ளயத் தொங்கவுட்டுட்டேனே." அவர் அழுதார். தெருவே சந்தோஷமாகப் பூந்தி தின்றுகொண்டிருந்தது, அவர் ஒருவர் மட்டும் நடக்காத ஒன்றை நினைத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அப்பா சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த மார்க் ஷீட்டைப் பார்த்தார். பூந்திப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டார். என் அப்பா பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. என் படிப்பை நிறுத்துவேன் என்று சொன்னவரே அவர்தான். அது எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சேஃப்டிக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"அந்தத் தடிக்கயிறு" என்றார் அப்பா, தெருவைப் பார்த்துக்கொண்டு. "நாளைக்கு எங்க கேங்குக்கு எடுத்து வெச்சிடு."

"எது?"

"நீ கத்திகினே கீறியே, அது. திரும்பச் சொல்ல மாட்டேன்."

சேஃப்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூந்தியை ஒவ்வொன்றாகக் கல் இருக்கிறதா என்று பார்த்துச் சாப்பிட்டார்.

நான் டிகிரி படித்தேன். பிசிக்ஸே படித்தேன், அதையே சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினேன். என் மாணவிகள் யாரும் ஐந்தால் பெருக்கவில்லை. ஏணிப் படம் போடும்போது மட்டும் கரும்பலகையில் ஒரு தொப்பிக்காரர் தானாக வந்துவிடுவார். அப்பா பத்து விரலோடும் ரிட்டயர் ஆனார். அதற்காக யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அறுந்த கயிறு என்றால் விசாரணை உண்டு, அறுந்துபோகாத கயிற்றைப் பற்றி என்ன பேசுவது?

பல வருஷம் கழித்து சேஃப்டி தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். மேலே எதுவும் விழவில்லை, கீழே எதுவும் முறியவில்லை. கட்டிலை நம்பாததால் தரையில் பாயில்தான் படுத்திருந்தார்.

காசிமேடு கல்லறையில் சாமியார் ஜெபம் முடித்ததும், பெட்டியைக் குழியில் இறக்குவதற்குக் கல்லறை ஆட்கள் கயிறு எடுத்தார்கள். அப்பா முன்னே போய் அதை வாங்கினார். தலையிலிருந்து வால் வரைக்கும் தடவிப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தன் பழைய கேங்கில் இருந்த ஒருவரைத் துறைமுகத்துக்கு அனுப்பினார். சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சனம் வெயிலில் நின்றது.

பிலோமினா அக்கா என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே, "பாரு மேரி, இங்கயும் இவருதான் முன்னாடி வந்து காத்துகினு கீறாரு" என்றார்.

குடோனிலிருந்து அந்தத் தடிக்கயிறு வந்தது. அப்பா எங்கள் எல்லாரையும் குழியின் ஓரத்திலிருந்து தள்ளி நிற்க வைத்தார், சாமியாரையும் சேர்த்து. கயிற்றைப் பிடித்தவர்களிடம், "வெடுக்னு வுடாத. மெதுவா. மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெட்டி ஓர் ஆட்டம் இல்லாமல் இறங்கியது.

பழக்கதோஷம், எனக்கு மனசுக்குள் கணக்கு ஓடியது. அந்தக் கயிறு ஐந்து சேஃப்டிகளைத் தாராளமாகத் தாங்கும். எங்களுக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.